தலைமதகிலிருந்து கடைமடை வரை: கிட்டார் வால்வு ஆம்ப்பைப் பழகும் முறை

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் ஒலியைப் பெருக்குகிற வால்வு ஆம்ப்ளிஃபயரை (சுருக்கமாக ஆம்ப்) வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பேஸை எத்தனையில் வைக்கட்டும், ட்ரெபிளை எத்தனையில் வைக்கட்டும்?" பேஸ் தாழ்ந்த ஒலிக்கான குமிழ், ட்ரெபிள் உயர்ந்த ஒலிக்கானது. எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் நரிமேட்டில் என் மாடியறையில் நன்றாக ஒலிக்கிற எண், திருநகரில் உங்கள் கூடத்தில் அப்படி ஒலிக்காது. கிட்டார் வேறு, ஸ்பீக்கர் வேறு, சுவர் வேறு. எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். கை வைக்கிற குமிழ், ஒலி போகும் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது பிடிபட்டால் முன்பின் பார்த்திராத ஆம்ப்பின் முன்னால் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் உங்கள் ஒலியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பேரணையில் மதகைத் திறந்தால் பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் ஓடி, கிளைகளாகப் பிரிந்து, கண்மாய்களை நிரப்பி, கடைசியில் மேலூர்ப் பக்கத்துக் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர்கிறது. தலைமதகை எவ்வளவு திறக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு; வயலின் மடையை எவ்வளவு திறக்கிறோம் என்பது வேறொரு கணக்கு. ஆம்ப்பிலும் அப்படித்தான். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளிலிருந்து, வருவது மிக மெல்லிய சிக்னல். அது முதலில் சிறிய வால்வுகளுக்குள் நுழைகிறது. பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் அவை 12ஏஎக்ஸ்7 வகை. ஐரோப்பாவில் அதற்கே ஈசிசி83 என்று பெயர். கட்டைவிரல் அளவுள்ள அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் தனித்தனியாக இரண்டு பெருக்கிகள் இருக்கின்றன. அங்கே வலுப்பெற்ற சிக்னல் டோன் குமிழ்களையும் மாஸ்டர் குமிழையும் கடந்து, பெரிய வால்வுகளான ஈஎல்84, ஈஎல்34, 6எல்6, 6வி6 ஆகியவற்றில் ஏதோவொரு வகைக்குப் போகிறது. அங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அதன்பின் ஸ்பீக்கர்.

கால்வாயின் கரைக்கு ஓர் உயரம் உண்டு. வால்வுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் எழும் அலையின் தலை வெட்டுப்படும். நாம் டிஸ்டார்ஷன் என்று சொல்வது இந்த வெட்டைத்தான். வால்வில் அது கத்தியால் நறுக்கியதுபோல் விழாமல், ஓரம் மழுங்கி மெல்ல விழும். மெதுவாக மீட்டினால் தெளிவும் அழுத்தி மீட்டினால் உறுமலும் ஒரே கம்பியில் கிடைப்பது அதனால்தான். இந்தக் கனமான பெட்டியை நாம் மாடிப்படியில் தூக்கிச் சுமப்பதும் அதற்காகத்தான்.

சுவிட்சைப் போடுவதற்கு முன்

குமிழ்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் ஆம்ப்பைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். மூன்று விஷயங்களைச் சரிபார்க்காமல் பிளக்கைச் செருக வேண்டாம்.

முதலாவது வோல்டேஜ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எனக்குத் தெரிந்த ஒருவர், அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த ஆம்ப்பை வந்த அன்று மாலையே நேராகச் செருகிவிட்டார். ஒரு 'டப்' சத்தம், கருகிய வார்னிஷ் வாசனை, அவ்வளவுதான். பவர் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. பின்பக்கத்தில் 230 என்றோ 220-240 என்றோ அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 120 மட்டும் இருந்தால், போதிய வாட் தாங்குகிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது எர்த். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும்; ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரைச்சல் குறைகிறது என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக எர்த் பின்னை வெட்டாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு இருந்தால் அது உங்கள் இடது கைக்கு வந்துவிடும். உதடு மைக்கைத் தொடும்போது அது உடல் வழியே பாயும். 1972-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். காரணம் எர்த் சரியில்லாத கருவிகளோடு மைக்கைத் தொட்டது. இதில் சமரசமே கூடாது.

மூன்றாவது ஸ்பீக்கர். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கிட்டாரைத் தொட்டே பார்க்காத என் மாமா. உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். வால்வு ஆம்ப்ளிஃபயரையும் குழாய்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போனவர். என் ஆம்ப்பை முதன்முதலில் பார்த்தபோது, முன்பக்கக் குமிழ்களை அவர் கவனிக்கவே இல்லை. குனிந்து பின்னால் பார்த்து, ஸ்பீக்கர் ஒயரை இரண்டு விரல்களால் மெல்ல இழுத்துப் பார்த்தார். "குழாயைக் கட்டாமல் செட்டைப் போடக்கூடாது தம்பி, டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது" என்றார். அதே விதிதான் இங்கும். ஸ்பீக்கர் இணைக்காத வால்வு ஆம்ப்பில் வாசித்தால், போக வழியில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மிக உயர்ந்த வோல்டேஜாக எழும்பி அதன் சுருளைத் துளைத்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பெரும்பாலும் இதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வு பொறுக்காது.

ஸ்பீக்கர் தனிப் பெட்டியாக இருந்தால் ஓம் (மின்தடை) கணக்கையும் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்பின் 8 ஓம் துளையில் செருக வேண்டும். இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பாக (பேரலல்) மாட்டினால் மொத்தம் 4 ஓம். இதற்கு ஸ்பீக்கர் ஒயரைத்தான் பயன்படுத்த வேண்டும். கிட்டார் ஒயர் வெளியே அதேபோல் தெரிந்தாலும் உள்ளே மெல்லியது, சூடாகிவிடும்.

ஏற்றுவது

எல்லா வால்யூம் குமிழ்களையும் 0-வில் வைத்துவிட்டு பவர் சுவிட்சைப் போடுங்கள். ஸ்டாண்ட்பை என்று இன்னொரு சுவிட்ச் இருந்தால் அதை இப்போது தொட வேண்டாம். இந்த நிலையில் வால்வின் இழை மட்டும் 6.3 வோல்ட்டில் சூடேறுகிறது. பின்பக்கம் இருட்டாக இருந்தால் பாருங்கள்: கண்ணாடிக்குள் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு சாம்பல் பூத்த அடுப்புக்கரியை ஊதியதுபோல ஆரஞ்சு நிறம் மெல்லக் கசியும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போடுங்கள். இப்போதுதான் 300 முதல் 500 வோல்ட் வரையிலான உயர் மின்னழுத்தம் வால்வுகளுக்குப் போகிறது. சிறிய ஆம்ப்கள் பலவற்றில் இந்தச் சுவிட்சே கிடையாது. அதனால் அவை கெட்டுவிடுவதும் இல்லை. ஐந்து நிமிடம் டீ குடிக்கப் போகும்போது ஸ்டாண்ட்பையில் வைக்கலாம். மணிக்கணக்கில் வைப்பது வால்வுக்குள் எலக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடுக்கு நல்லதல்ல; அணைத்துவிடுங்கள்.

இன்புட் துளை இரண்டு இருந்தால், ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வகை ஆம்ப்களில் 1 என்பது முழு வலு, 2 என்பது ஏறத்தாழ பாதி வலு. கிட்டாரின் பிக்கப் வலுவான சிக்னல் தருவதாக இருந்து, தெளிவான ஒலி வேண்டுமென்றால் 2-ஐப் பயன்படுத்திப் பாருங்கள். மற்றபடி 1 போதும்.

கெயினும் மாஸ்டரும்

இங்கேதான் நிதானம் வேண்டும். கெயின், டிரைவ், வால்யூம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பாதையில் முன்னால் நிற்பது தலைமதகு: சிறிய வால்வுகளுக்கு எவ்வளவு சிக்னல் பாய வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. மாஸ்டர் என்பது பின்னால் நிற்கும் மடை: பெரிய வால்வுகளுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இரண்டுமே சத்தத்தைக் கூட்டும். ஆனால் கரை எங்கே நிரம்பி வழிகிறது என்பது இரண்டிலும் வேறு வேறு.

செய்து பாருங்கள். கிட்டாரில் உள்ள வால்யூம், டோன் இரண்டையும் முழுதாகத் திறங்கள். ஆம்ப்பில் பேஸ், மிடில் (நடு ஒலிக்கானது), ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். ரிவர்ப் (எதிரொலிக் குமிழ்) 0. மாஸ்டர் 3. கெயினை 0-விலிருந்து மிக மெதுவாக ஏற்றிக்கொண்டே, தடித்த ஆறாவது கம்பியை ஒருமுறை மென்மையாகவும் ஒருமுறை அழுத்தமாகவும் மீட்டுங்கள். தொடக்கத்தில் இரண்டும் தெளிவாகவே இருக்கும். சத்தம் மட்டும் வேறுபடும். ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில், மென்மையாக மீட்டியது தெளிவாகவும் அழுத்தி மீட்டியது லேசான கரகரப்போடும் வரும். தவிலில் வலந்தலையை விரல்கூடு இடிக்கிறபோது வருமே, அப்படி ஒரு கடினமான முனை ஒலியில் சேரும். அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் கிட்டாருக்கும் உங்கள் கைக்கும் அந்த ஆம்ப்பின் எல்லைக்கோடு அது. வீட்டில் ஒட்டுப்பொட்டு இருந்தால் ஒன்றை எடுத்து, குமிழின் முள் காட்டும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். என் ஆம்ப்பின் முகப்பில் மூன்று பொட்டுகள் இருக்கின்றன: கிட்டாருக்கு ஒன்று வீதம்.

அடுத்து, இரண்டு கோடிகளையும் கேளுங்கள். கெயினைப் பொட்டுக்குக் கீழே வைத்து மாஸ்டரை ஏற்றினால் தெளிவான, அகலமான ஒலி கிடைக்கும். இன்னும் ஏற்றினால் பெரிய வால்வுகள் நிரம்பி வழியத் தொடங்கும். அந்த உறுமல் கனமானது, விரலுக்குப் பணியக்கூடியது. ஆனால் சத்தம் வீதிக்குக் கேட்கும். கெயினை 7, 8 என்று வைத்து மாஸ்டரை 1-க்கு இறக்கினால் சிறிய வால்வுகளின் நெருக்கமான கரகரப்பு, கூடத்தில் தூங்குகிறவரை எழுப்பாத அளவில் கிடைக்கும். முன்னதன் கனம் இதில் இருக்காது. இரவில் வாசிப்பவர்கள் இதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது; அதில் குறைபட ஒன்றுமில்லை.

மாஸ்டரே இல்லாத பழைய வடிவ ஆம்ப்களில் ஒரே வால்யூம் குமிழ்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. அதில் பாதிக்கு மேல் போனால் சத்தம் பெரிதாகக் கூடாது, டிஸ்டார்ஷன்தான் கூடும். குமிழில் 10 வரை எண் இருப்பதால் 5-ல் பாதிச் சத்தம் இருக்கும் என்று நம்பாதீர்கள். பல ஆம்ப்களில் 3, 4-க்குள்ளேயே பெரும்பாலான சத்தம் வந்துவிடும்.

வாட் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் 1 வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 95 முதல் 100 டெசிபல் வரை ஒலிக்கக்கூடியவை. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு இருமடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கியவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அதிகம் இல்லை, எடைதான் கிடைக்கிறது. வீட்டுக்கு 5 வாட் தாராளம். டிரம்ஸோடு சிறிய அரங்கில் வாசிக்க 15 வாட் போதும்.

பேஸ், மிடில், ட்ரெபிள்

இந்த மூன்றையும் மூன்று தனிக் குமிழ்களாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஃபெண்டர், மார்ஷல் வகை ஆம்ப்களில் இவை ஒரே சுற்றில் பின்னிக்கிடக்கின்றன. ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டின் வேலையும் மாறுகிறது. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப், ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்பின் சுற்றைப் பார்த்துச் செய்ததுதான். அதனால் இரு குடும்பங்களுக்கும் இந்தப் பகுதி பங்காளிச் சொத்துபோல் ஒன்றாகவே இருக்கிறது.

இன்னொரு செய்தி: இந்தக் குமிழ்கள் எதையும் கூட்டுவதில்லை, கழிக்கத்தான் செய்கின்றன. நம்ப முடியாவிட்டால் மூன்றையும் 0-வில் வைத்து மீட்டுங்கள். ஏறக்குறைய ஒலியே வராது. மூன்றும் 5-ல் இருந்தால் சமநிலை என்று நினைப்போம், அதுவும் இல்லை. அந்த நிலையில் நடுச் சுருதிப் பகுதி நன்றாகக் குழிந்திருக்கும். பேஸ் 0, மிடில் 10, ட்ரெபிள் 0 என்று வைத்தால்தான் ஏறத்தாழச் சமமான ஒலி வெளிவரும். ஒருமுறை அப்படி வைத்துக் கேளுங்கள். பூச்சு எதுவுமில்லாத, மூக்கடைத்தது போன்ற அந்த ஒலிதான் கிட்டாரின் பச்சை ஒலி. அதிலிருந்து என்னென்ன கழித்தால் அழகாகிறது என்று காது தானாகவே சொல்லத் தொடங்கும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரிசை இது. மூன்றும் 5-ல் இருக்கட்டும். முதலில் ட்ரெபிளைத் தொடுங்கள். மெல்லிய முதல் கம்பியின் பன்னிரண்டாம் கட்டில் (ஃப்ரெட்) மீட்டி, காதைக் குத்தாத இடத்தில் நிறுத்துங்கள். ட்ரெபிளை மிக உயரத்தில் வைத்தால் மற்ற இரண்டு குமிழ்களுக்கும் பிடி குறைந்துவிடும். அதனால்தான் இதை முதலில் முடிவுசெய்கிறோம். அடுத்து பேஸ்: ஆறாவது கம்பியைக் கையால் அமுக்கி மீட்டும்போது 'தொம்' என்று விழுந்து உடனே நிற்க வேண்டும். குடத்துக்குள் பேசியதுபோல் நீண்டால் குறையுங்கள். மிடிலைக் கடைசியில், முழுக் கார்டு (பல சுரங்களின் கூட்டு) ஒன்றை வாசித்துக்கொண்டே ஏற்றி இறக்கி முடிவுசெய்யுங்கள். பிறகு மறுபடி ட்ரெபிளுக்கு வாருங்கள், கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

செல்லூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, வீட்டில் மிடிலை 0, பேஸை 9, கெயினை 9 என்று வைத்து வாசிப்பாள். தனியாகக் கேட்டால் பிரமாண்டமாக இருக்கும். கல்லூரி விழாவில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அவள் கிட்டார் காணாமல் போய்விட்டது. கை ஆடுகிறது, ஒலி இல்லை. வாடிய முகத்தோடு வந்தாள். பேஸின் இடத்தை பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பிடித்துக்கொள்ளும், மேல்தளத்தைச் சிம்பல் பிடித்துக்கொள்ளும், கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். அதையே அவள் வெட்டி எறிந்திருந்தாள். மிடிலை 7-க்கு ஏற்றி, பேஸை 4-க்கு இறக்கி, கெயினைப் பாதியாக்கினோம். அடுத்த ஒத்திகையில் வால்யூமைத் தொடாமலேயே அவள் வாசித்த ஒவ்வொரு சுரமும் கடைசி வரிசைவரை போனது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பாதை விஷயம் இங்கும் வரும். மார்ஷல் வகையில் டோன் சுற்று கெயினுக்குப் பின்னால் இருக்கிறது. ஏற்கெனவே உறுமிவிட்ட ஒலியைத்தான் அது செதுக்குகிறது. பழைய ஃபெண்டர் வகையில் அது முதல் வால்வுக்கு அடுத்து, வால்யூமுக்கு முன்னாலேயே நிற்கிறது. அங்கே பேஸை அதிகம் விட்டால் பின்னால் வரும் வால்வுகள் பேஸிலேயே நிரம்பி, ஒலி களிமண்ணாகும். அதில் வால்யூமை ஏற்ற ஏற்ற பேஸை இறக்கிக்கொண்டே வாருங்கள்.

பிரசன்ஸ், பிரைட், கட், ரிவர்ப்

பிரசன்ஸும் பிரைட்டும் மேல் சுருதியைத் தூக்கிக் காட்டுபவை. பிரசன்ஸ் பாதையின் கடைக்கோடியில், பெரிய வால்வுகளின் பகுதியில் வேலை செய்கிறது. மாஸ்டர் தாழ்வாக இருக்கும்போது அதன் விளைவு குறைவாகவே தெரியும். மேடையில் சத்தம் கூடியபின் கடைசியாகத் தொடவேண்டிய குமிழ் அது. பிரைட் சுவிட்ச் நேர்மாறு: வால்யூம் தாழ்ந்திருக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும், முழுதாக ஏற்றினால் மறைந்தே போகும். வாக்ஸ் ஏசி30 வகையில் கட் என்றொரு குமிழ் இருக்கிறது. அதை வலப்பக்கம் திருகினால் மேல் சுருதி குறையும். மற்ற குமிழ்களின் பழக்கத்தில் கூடும் என்று எதிர்பார்த்துக் குழம்பாதீர்கள்.

ரிவர்ப் பல வால்வு ஆம்ப்களில் நிஜமான சுருள்கம்பிகளால் ஆனது. பெட்டியின் அடியில் ஒரு தகரத் தட்டுக்குள் அவை தொங்குகின்றன. ஆம்ப்பைத் தட்டினால் இடி இடித்ததுபோல் கேட்கும். அது பழுது அல்ல. 2 அல்லது 3-க்கு மேல் வேண்டியதில்லை. மொசைக் தரையும் சிமென்ட் சுவருமான நம் அறைகளே பாதி ரிவர்பைக் கொடுத்துவிடுகின்றன.

கிட்டாரில் இருக்கும் குமிழை மறக்காதீர்கள்

பாதையின் முதல் குமிழ் ஆம்ப்பில் இல்லை, உங்கள் கையிலேயே இருக்கிறது. தலைமதகுக்கும் மேலே அணையில் இருக்கிற ஷட்டர் அது. ஆம்ப்பைப் பொட்டு ஒட்டிய இடத்துக்குச் சற்று மேலே, கரகரப்பு நன்றாக வரும்படி வையுங்கள். கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். உறுமல் அடங்கித் தெளிவான ஒலி வரும். சத்தம் அந்த அளவுக்குக் குறையாது. பாட்டின் நடுவில் சுண்டுவிரலால் செய்யக்கூடிய மாற்றம் இது. பெடல் எதுவும் தேவையில்லை. வால்வு ஆம்ப் வாங்கியவர்களில் பலர் இதை ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள்.

எங்கே வைப்பது

கிட்டார் ஸ்பீக்கரின் மேல் சுருதிகள் டார்ச் ஒளிபோல் நேர்கோட்டில் போகும். ஆம்ப்பைத் தரையில் வைத்து நின்றபடி வாசித்தால் அந்த ஒளி உங்கள் முழங்காலில் விழுகிறது. காதுக்கு மந்தமாகப் படுவதால் ட்ரெபிளை ஏற்றுவீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு மர முக்காலியின் மேல் வைத்து, ஸ்பீக்கரை மார்பளவுக்குக் கொண்டுவந்து அதன்பின் டோனை அமையுங்கள். அறை மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். இரண்டடி வெளியே இழுங்கள். எதிர்ச்சுவரில் ஒரு கனமான ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் கூர்மை தணியும். என் அறையில் அதுதான் நான் செய்த மிகப் பயனுள்ள மாற்றம். எந்தக் குமிழும் அதற்கு ஈடாகவில்லை.

மதுரை வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை, வைகாசியில் அறையே அடுப்பாக இருக்கும்போது வால்வின் சூடும் சேர்கிறது. பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். வாசிக்கும்போது மேலே துணி போட்டு மூடாதீர்கள். மின்சாரம் போய்விட்டால் உடனே சுவிட்சை அணையுங்கள்; திரும்ப வந்து இரண்டு நிமிடம் நிதானித்தபின் போடுங்கள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும்.

இரைச்சலும் எச்சரிக்கைகளும்

ஊம்மென்ற இரைச்சல் வந்தால் முதலில் கிட்டாரின் வால்யூமை 0 ஆக்குங்கள். இரைச்சல் நின்றால் கிட்டார்தான் அதை அறையிலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறது. மின்விசிறி ரெகுலேட்டரையும் எல்இடி விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் நாற்காலியோடு மெதுவாகச் சுற்றுங்கள்; ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று குறையும். அந்தத் திசை பார்த்து உட்காருங்கள். கிட்டாரை மூடியபின்னும் இரைச்சல் இருந்தால் கோளாறு ஒயரிலோ ஆம்ப்பிலோ இருக்கிறது.

வாசிக்காதபோதும் கீச்சென்று கூவினால் சிறிய வால்வு ஒன்று நடுக்கம் வாங்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு பென்சிலின் மரப்பக்கத்தால் ஒவ்வொரு சிறிய வால்வையும் மெல்லத் தட்டுங்கள். கோயில் மணிபோல் ஸ்பீக்கரில் ஓங்கி ஒலிப்பதுதான் குற்றவாளி. லேசான 'டிங்' எல்லாவற்றிலும் வரும், பயப்பட வேண்டாம்.

பெரிய வால்வின் கண்ணாடியில் நீல ஒளி தெரிந்தால் அது இயல்பே. உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே செங்கல்போல் சிவந்து ஒளிர்ந்தால் அந்தக் கணமே அணையுங்கள். பத்து விநாடி தாமதமும் செலவு வைக்கும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸ் மட்டும் போடுங்கள். மறுபடி போனால் காரணம் உள்ளே இருக்கிறது. வெள்ளித்தாளையோ கம்பியையோ சுற்றி ஓட்டாதீர்கள்.

பெட்டியின் உட்பகுதியை நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிட்டு வேலை செய்யத் தெரிந்த, வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகள் நம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் ஒருவரை விசாரித்துத் தேடிப்பிடித்து, ஆம்ப் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை காட்டி வையுங்கள்.

வாசித்து முடித்ததும் வால்யூமை 0 ஆக்கி, பவரை அணைத்து, கிட்டார் ஒயரைக் கழற்றுங்கள். உடனே தூக்கி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். சூடான இழை சிறு குலுக்கலையும் தாங்காது. ஒயரைச் சுருட்டி, கம்பிகளைத் துடைத்து, கிட்டாரைப் பையில் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பின்பக்கக் கம்பி வலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு மட்டும் இருந்தால் தூக்கலாம்.